எல்லைக்கல்லுக்கு ஒரு மாலை

எல்லைக்கல்லுக்கு முன்னால் யாரோ தேங்காய் உடைத்திருந்தார்கள்.

ராஜரத்தினம் ஆசிரியர் சைக்கிளைப் பாலைமரத்தில் சாய்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். தேங்காய்தான். இரண்டு பாதிகளும் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. பக்கத்தில் ஒரு வெற்றிலை. அதன்மேல் கற்பூரம் எரிந்து கறுத்த அடையாளம். கல்லின் தலையில், நேற்று அவருடைய மாணவர்கள் சாத்திய செவ்வரத்தைப் பூமாலை வாடித் தொங்கியது. மாலைக்குக் கீழே, நேற்று இல்லாத மூன்று திருநீற்றுக் கோடுகள்.

“தெர்மினுசுக்குத் தேங்காய் உடைக்கிற வழக்கம் இல்லையே,” என்று அவர் முணுமுணுத்தார்.

நேற்று அந்த உரோமானியத் தெய்வத்தின் திருநாளை நடத்தியவர் என்ற முறையில் முதலில் அவருக்கு அந்தப் பிழைதான் தோன்றியது. பயம் அதற்குப் பிறகுதான் தோன்றியது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தோராம் ஆண்டு, பெப்ரவரி இருபத்து நான்காம் திகதி. விசுவமடுவுக்கு அப்பால், செம்மண் வீதியின் முடிவில், ஒரு காலத்தில் பாதிரிமார் தொடங்கிப் பின்னர் அரசாங்கம் எடுத்துக்கொண்ட அந்தப் பள்ளிக்கூடத்தில் இலத்தீன் இன்னும் ஒரு பாடமாக இருந்தது. அதை நிறுத்துவதற்கு மேலிடத்தார் மறந்துவிட்டார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அவர்களுக்கு நினைவு வந்தது தை மாதத்தில். ஒரு சுற்றறிக்கை வந்தது. எட்டு வரிகள், பதினொரு பிழைகள். பிழைகளையெல்லாம் சிவப்பு மையினால் திருத்திய பின்னரே ராஜரத்தினம் அதன் பொருளைக் கவனித்தார். ஐந்து மாணவர்களுக்குக் குறைந்த எந்தப் பாடமும் முதலாந் தவணையோடு நிறுத்தப்படும் என்பதே அது.

அவரிடம் இருந்தவர்கள் மூவர்.

முப்பத்தொரு ஆண்டுகள் அவர் கற்பித்த மொழி அது. மனைவி இறந்து ஆறு ஆண்டுகள். இலண்டனில் இருந்த மகன் கடிதம் எழுதுவதில்லை; எழுதினாலும் ஒற்றெழுத்துகளை விட்டுவிடுவான். மாலையில் விடுதி அறைக்குத் திரும்பினால் அவரோடு பேசுவதற்கு எஞ்சியிருந்தது அந்த மொழி ஒன்றுதான். அதுவும் செத்த மொழி என்று ஊரார் சொன்னார்கள்.

மூன்று மாணவர்களும் மூன்று வழியாக வந்து சேர்ந்தவர்கள். அந்தோனிமுத்துவின் தகப்பன், மாதா கோயிலில் பூசை தமிழுக்கு மாறியதை இன்னும் ஒத்துக்கொள்ளாதவர். மகன் குருவானவராகி இலத்தீனிலேயே பூசை வைக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஜெமீல், புடைவை வியாபாரி ஹமீட்டின் மகன். சட்டம் படிக்க இலத்தீன் வேண்டும் என்று யாரோ ஹமீட்டிடம் சொல்லிவிட்டார்கள். மூன்றாமவள் கமலாட்சி. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டு, வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய ஆறு குடும்பங்களுள் ஒன்றின் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் இலத்தீன் வகுப்பறையின் கூரை மட்டுமே ஒழுகாது என்பதால் அவள் அங்கே வந்து சேர்ந்தாள். ஆயினும், வேற்றுமைகளைப் பிழையில்லாமல் ஒப்பிப்பவள் அவள் ஒருத்திதான்.

இன்னும் இரண்டு பேரைப் பிடிப்பதற்கு ராஜரத்தினம் கண்ட வழி, திருநாள் கொண்டாடுவது.

பெரிய கடதாசி ஒன்றில் நாட்காட்டி வரைந்து வகுப்பறைச் சுவரில் ஒட்டினார். ஒரு பத்தியில் உரோமானியரின் பண்டைத் திருநாட்கள். அடுத்த பத்தியில் இக்காலத்துத் திருநாட்கள். தை மாதத்தில், முன்னும் பின்னும் முகமுடைய யானுஸ் தெய்வத்தையும் பொங்கலையும் ஒரே பானையில் முடித்தார். மீலாத் விழாவுக்கு ஜெமீலின் தாய் மஸீனா அனுப்பிய வட்டிலப்ப இனிப்பை, ஆறு வேற்றுமைகளிலும் அதன் பெயரை ஏற்றி இறக்கிய பிறகே தின்ன விட்டார். மற்ற வகுப்புப் பிள்ளைகள் யன்னலில் வந்து தொங்கினார்கள், தின்றார்கள், போனார்கள். ஒருவரும் சேரவில்லை.

பெப்ரவரி பதினைந்தில் லூப்பர்காலியா வந்தது. இளைஞர் அரைகுறை ஆடையோடு ஓடி, எதிர்ப்படும் பெண்களை ஆட்டுத்தோல் வாரினால் அடிக்கும் திருநாள் அது. பள்ளிக்கூட அதிபரின் மனைவி வடிவம்மா அந்த வளவுக்குள்ளேயே குடியிருந்தபடியால் ராஜரத்தினம் அதைக் கைவிட்டார். இருபத்து மூன்றில் தெர்மினாலியா. எல்லைத் தெய்வமான தெர்மினுசின் நாள். அயலவர்கள் பொது எல்லைக்கல்லுக்கு ஆளுக்கொரு பக்கமாக வந்து மாலையிட்டு, தானியமும் தேனும் படைத்து, ஒன்றாக உண்பார்கள். ஓட்டமில்லை, அடியில்லை. உரோமானியத் திருநாட்களுள் இதைவிடச் சாதுவானது வேறில்லை என்று அவர் நம்பினார்.

கல் இருந்தது விளையாட்டுத் திடலின் பின் மூலையில். பள்ளிக்கூடத்தின் காணி, ஏரம்புவின் காணி, குடியேறியவர்களின் காணி மூன்றும் அந்தக் கல்லில்தான் சந்தித்தன. ஏரம்பு அந்தப் பகுதியில் பெரிய வயற்காரர். அயலவர் என்ற முறையில் ராஜரத்தினம் நேரிற் போய் அழைத்தார்.

“உந்தக் கல்லுக்கோ மாலை?” என்று ஏரம்பு வயிறு குலுங்கச் சிரித்தார். “அறுவடை முடியக் கிண்டி எறிய இருக்கிறன், சேர். என்ர ட்ரக்டர் உழுது திரும்ப இடமில்லை.”

அதனால் கமலாட்சியின் தகப்பன் மூக்கனும் தாய் ராக்காயியும் மட்டுமே அயலவர்களாக வந்து நின்றார்கள். மாணவர்கள் “சால்வே, தெர்மினே!” என்று வாழ்த்தினார்கள். ராஜரத்தினம் கதை சொன்னார். உரோமாபுரி அரசன் குன்றின்மேல் யூப்பித்தருக்கு ஆலயம் கட்ட விரும்பினான். அங்கிருந்த சிறு தெய்வங்கள் எல்லாம் எழுந்து இடம் விட்டன. தெர்மினுஸ் மட்டும் நகரவில்லை. தேவர்களுக்கெல்லாம் அரசனான யூப்பித்தருக்கும் அது இடம் கொடுக்கவில்லை. கடைசியில் அதைச் சுற்றியே ஆலயத்தைக் கட்டி, அது வானத்தைப் பார்ப்பதற்காகக் கூரையில் ஒரு துவாரம் விட்டார்கள்.

“கேக்கிறது பெரிய ஆளா இருந்தாலும் நகராதா, சேர்?” என்று கமலாட்சி கேட்டாள்.

“நகராது. கல்லை உழுது புரட்டுகிறவனும் அவனுடைய எருதுகளும் சாபத்துக்கு உள்ளாவார்கள் என்பது உரோமானியச் சட்டம்,” என்றார் அவர்.

கமலாட்சி அதை வீட்டு மொழிக்கு மாற்றித் தாய்க்குச் சொன்னாள். மாணவி கேள்வி கேட்டதில் ஆசிரியருக்குப் பெருமகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சி ஒரு நாளோடு முடிந்தது. இப்போது தேங்காய்.

அவர் வளைந்து, வாடிய மாலையைத் தம் கையாலேயே கழற்றினார். மாலை போனால் வழிபாடும் போகும் என்பது அவர் கணக்கு. வேலிக்கு அப்பால் விறகு கட்டிக்கொண்டிருந்த ராக்காயி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏ புள்ளைங்களா, ஓடியாங்க! ஐயா சாமிக்கு மால மாத்துறாரு!”

ஆறு குடும்பங்களும் வந்துவிட்டன. மாலை மாற்றப் புது மாலையும் வந்துவிட்டது. ராஜரத்தினத்தின் கையில் யாரோ கற்பூரத் தட்டைக் கொடுத்தார்கள். அதை வாங்காவிட்டால் கீழே விழுந்து புல் தீப்பற்றும், ஆகையால் வாங்கினார்.

“இஞ்சை பாரும் ராக்காயி, இது சாமியில்லை,” என்றார்.

“சரிங்க ஐயா. தட்ட எங்க பக்கம் காட்டுங்க,” என்றாள் ராக்காயி, கண்ணில் ஒற்றிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டியபடி.

அன்றே அவர் கமலாட்சியை அழைத்து, உண்மையை வீட்டில் விளக்கிச் சொல்லும்படி கட்டளையிட்டார்.

“என்ன சொல்லட்டும், சேர்?”

“படிச்சதைச் சொல்லு. ஒண்டும் கூட்டாதை, குறைக்காதை.”

மறுநாள் காலை கல்லுக்கு முன்னால் மூன்று தேங்காய்கள் கிடந்தன. ராக்காயி வேலியோரமாக வந்து நின்றாள்.

“கமலாட்சி எல்லாத்தையும் சொல்லிருச்சுங்க ஐயா. சீமைச் சாமியாமே! ராசாவுக்கே எடங்குடுக்காத சாமியாமே! அப்ப சத்தி கூடத்தான் இருக்கும்.”

ராஜரத்தினம் பிழை தேடினார். அவள் சொன்னதில் பாடத்துக்கு மாறான சொல் ஒன்றுகூட இல்லை.

பேச்சினால் ஆகாததை எழுத்தினால் ஆக்கலாம் என்று எண்ணி, ஒரு பலகையில் வெள்ளைப் பூச்சினால் எழுதினார்: ‘இஃது எல்லைக்கல், தெய்வமன்று. இங்ஙனம், இலத்தீன் பிரிவு.’ எழுத்துகள் அச்சுப்போல அமைந்தன. பலகையைக் கல்லுக்குப் பக்கத்தில் நட்டார். அடுத்த நாள் பலகையின் நான்கு மூலைகளிலும் சந்தனப் பொட்டு இருந்தது. ‘தெய்வ’ என்ற எழுத்துகளுக்கு அடுத்துத் தொங்கிய செவ்வரத்தைப் பூ ‘மன்று’ என்பதை மறைத்தது.

“சாமிக்குப் பேர்ப்பலகையும் வச்சிட்டீங்க. ஒங்களுக்குக் கோடிப் புண்ணியமுங்க,” என்று மூக்கன் கும்பிட்டான்.

ஒரு வாரத்தில் கல்லைச் சுற்றி நான்கு முதிரைக் கம்புகளும், மேலே கிடுகுக் கூரையும் எழுந்தன. ராஜரத்தினம் கிட்டப் போய் நிமிர்ந்து பார்த்தார். கூரையின் நடுவில், கல்லுக்கு நேர் மேலே, ஒரு துவாரம். அதற்குள்ளே வன்னி வானம் நீலமாகத் தெரிந்தது.

இந்தத் தொல்லைக்கு நடுவிலும் அவருக்கு ஒரு கணம் கண் கலங்கியது. தாம் கற்பித்த பாடத்தை இத்தனை கருத்தாய் எவரும் முன்னர் கேட்டதில்லை.

கொட்டில் எழுந்த மூன்றாம் நாள் இலத்தீன் வகுப்பில் எட்டுப் புதிய மாணவர்கள் வந்து இருந்தார்கள். எல்லாரும் குடியேற்றத்துப் பிள்ளைகள். கதிரை போதாமல் நிலத்தில் சாக்கு விரித்து இருந்தார்கள்.

“நீங்கள் எல்லாரும் ஏன் வந்தனீங்கள்?” என்று ராஜரத்தினம் கேட்டார்.

“சாமிக்கு மந்திரம் படிக்க,” என்றது முன்வரிசையில் இருந்த பிள்ளை.

மூன்றோடு எட்டு, பதினொன்று. சுற்றறிக்கை கேட்டது ஐந்துதான். அவர் நாற்காலியில் மெதுவாக அமர்ந்தார். இது தெய்வமன்று என்று இன்னும் ஒருமுறை உரத்துச் சொன்னால் எட்டுப் பேரும் எழுந்து போய்விடுவார்கள். இலத்தீனும் அவர்களோடு போய்விடும். சொல்லாமல் விட்டால் பொய். முப்பத்தொரு ஆண்டுகளில் அவர் எந்தப் பிழையையும் திருத்தாமல் விட்டதில்லை. அன்றைக்கு விட்டார்.

“சொல்லுங்கோ பாப்பம்: சால்வே, தெர்மினே.”

“சால்வே, தெர்மினுஸ்!” என்று எட்டுக் குரல்கள் முழங்கின.

“விளி வேற்றுமை!” என்று அவர் மேசையில் அடித்தார். “கூப்பிடும்போது தெர்மினே! சாமியைக் கும்பிடுகிறதெண்டாலும் இலக்கணத்தோடு கும்பிட வேணும்!”

வாயை விட்டு வந்த பிறகுதான் தாம் சொன்னது என்னவென்று அவருக்கு விளங்கியது. யன்னலோரம் இருந்த ஜெமீல் எழுந்தான்.

“சேர், வாப்பா கேக்கச் சொன்னவர். சட்டச் சோதனையில இந்தக் கல்லைப் பற்றிக் கேள்வி வருமோ?”

“இரு, ஜெமீல்.”

“அந்தோனியின்ர அப்பரும் கேட்டவர், இது பாவத்தில சேருமோ எண்டு.”

“இருடா!”

மாசி முடிந்து பங்குனி பிறந்தபோது ஏரம்புவின் அறுவடை முடிந்தது. கல்லைக் கிண்ட வந்தவர், கொட்டிலையும் மாலைகளையும் பலகையையும் கண்டு திகைத்து, நேரே அதிபர் வீரபாகுவிடம் போனார். போகும்போதே மேலிடத்துக்கு ஒரு முறைப்பாடும் எழுதிப் போட்டுவிட்டார். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் பிறநாட்டுத் தெய்வத்தை நட்டு ஏரம்புவின் காணியைக் கோயிற்காணி ஆக்குகிறார் என்பதும், கல் சரியான இடத்தில் இல்லை என்பதும் அதன் சாரம்.

வீரபாகு ராஜரத்தினத்தை அழைத்தார்.

“மாஸ்ரர், உது என்ன வில்லங்கம்? கல்வி அதிகாரி வாற திங்கட்கிழமை வாறாராம். காணி அளக்கிற ஆளும் கூட வாறாராம். எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கு. கோயில் கட்டின அதிபர் எண்டு பேர் எடுக்க எனக்கு விருப்பமில்லை.”

“நான் கட்டேல்லை, சேர். தடுக்கத்தான் பாத்தனான்.”

“நீங்கள் தடுக்கத் தடுக்கத்தானே அது வளருது! பேசாமல் ஏரம்பு கல்லைக் கிண்டட்டும். கல்லு போனால் கோயில் போகும். கோயில் போனால் அதிகாரி வகுப்பை மட்டும் பாப்பார். பதினொரு பிள்ளை இருக்கு. உங்கட இலத்தீன் தப்பும்.”

இலத்தீன் தப்பும் என்ற சொல்லுக்கு அவர் இசைந்தார்.

சனிக்கிழமை காலை ஏரம்பு, துணுக்காயிலிருந்து கூட்டி வந்த சங்கிலி என்ற கூலியாளோடும், கல் கிண்டும் இரும்பு அலவாங்கோடும் வந்து சேர்ந்தார். குடியேற்றத்தார் வேலியோரம் நிரையாய் நின்றார்கள். சங்கிலி அலவாங்கை ஓங்கினான்.

ராக்காயியின் கூந்தல் அவிழ்ந்தது.

“டேய்!” என்று அவள் போட்ட கூச்சலில் பாலைமரத்துக் காகங்கள் எழுந்து பறந்தன. “எவன்டா எம்மேல கை வைக்கிறவன்? பெரிய சாமியே வந்து எந்திரின்னு கேட்டான், நான் எந்திரிக்கலடா! நீ எந்திரின்னா எந்திரிச்சிருவனா? உழுதவனும் போவான், அவன் உழுத மாடும் போகும்!”

சாட்டையைப்போல் உடம்பு சுழன்றது. கொட்டிலின் கம்புகள் ஆடின. அந்தக் கூச்சலின் நடுவே அவள், “சால்வே, தெர்மினே!” என்றாள். விளி வேற்றுமை. தூய விளி வேற்றுமை. ராஜரத்தினத்தின் உடல் சிலிர்த்தது.

சங்கிலி அலவாங்கைக் கீழே போட்டான். “எனக்குப் புள்ள குட்டி இருக்குதுங்க மொதலாளி,” என்று சொல்லிக்கொண்டே கல்லின் முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்பாமல் காட்டு வழியாய்ப் போய்விட்டான்.

ஏரம்புவின் முகம் வெளுத்தது. “மாடில்லை, ட்ரக்டர்தான்,” என்று யாருக்கோ சொல்லுவதுபோலச் சொன்னார். பிறகு, தோளிற் கிடந்த சால்வை தானாகவே இடுப்புக்கு இறங்கியது. அலவாங்கை எடுத்து ராஜரத்தினத்திடம் நீட்டினார்.

“வாத்தியார், கொண்டுவந்தனீங்கள் நீங்கள். உங்கட சாமியை நீங்களே கிண்டுங்கோ.”

ராஜரத்தினம் அலவாங்கை வாங்கினார். வாழ்க்கையில் முதன்முதலாக அதைத் தொடுகிறார். கனமாய் இருந்தது. ஒரு குத்து, கல் அசைந்தால் போதும், திங்கட்கிழமை இலத்தீன் தப்பிவிடும். அவர் கல்லைப் பார்த்தார். ஆடிக்கொண்டிருந்த ராக்காயி ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்ததுபோல் இருந்தது. அருள் வந்தவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை ஆகையால், அது தம் மூக்குக்கண்ணாடியின் குறை என்று முடிவுசெய்தார்.

எல்லைக்கல்லைப் புரட்டுகிறவன் சாபத்துக்கு உள்ளாவான் என்று அவரே கற்பித்திருந்தார். பதினொரு மாணவர்களும் வேலியோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கற்பித்ததற்கு மாறாக ஆசிரியர் எப்படி நடப்பது? அலவாங்கை நிலத்தில் ஊன்றிவிட்டு, திரும்பி நடந்தார்.

ஊன்றியது அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமை அதன் நுனியில் மூன்று எலுமிச்சம்பழங்கள் குத்தப்பட்டிருந்தன. ஏரம்புவின் அலவாங்கு சூலமாகிவிட்டது. அவர் அதைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை கல்வி அதிகாரி வந்தார். மெலிந்த, வயிற்றுக் கோளாறுள்ள மனிதர். வகுப்பறைக்குள் நுழைந்து, பதிவேட்டைப் பார்த்து, தலைகளை எண்ணினார்.

“பதினொண்டு. பரவாயில்லையே! எங்கே, இலத்தீனிலை ஏதாவது சொல்லுங்கோ பாப்பம்.”

பதினொரு பேரும் எழுந்தார்கள். எட்டுப் பேர் கண்களை மூடிக் கைகூப்பினார்கள். “சால்வே, தெர்மினே!” முன்வரிசைப் பிள்ளை ஓடிவந்து, எட்டி, அதிகாரியின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, வாயால் ஊதி அவர் கண்ணைத் துடைத்துவிட்டது.

அதிகாரி யன்னல் வழியாக வெளியே பார்த்தார். கொட்டிலும், சூலமும், வெயிலில் மின்னும் பலகையும் தெரிந்தன. அங்கே நில அளவையாளர் அளவுச் சங்கிலியை இழுத்து அளந்துகொண்டிருந்தார். குடியேற்றத்தார் அவரைச் சுற்றி மூச்சுவிடாமல் நின்றார்கள்.

“மாஸ்ரர்,” என்றார் அதிகாரி மெதுவாக. “பிள்ளையளின்ர தொகை விதிக்குக் காணும். ஆனால் இது வகுப்பில்லை. பசனை.”

“ஐயா, என்ர பழைய மூன்று பேரையும் தனியாய்க் கேளுங்கோ. கமலாட்சி ஐந்து வேற்றுமை விகற்பங்களும் சொல்லுவாள்.”

“சொல்லுவாள். ஆனால் அரசாங்கப் பள்ளிக்கூடத்திலை இலத்தீன் வாத்தியார் கோயில் வைச்சார் எண்டு நாளைக்குப் பேப்பரிலை வந்தால் நான் என்ன சொல்லுறது? கோயிலை எடுக்கச் சொல்ல எனக்கும் பயமாய்க் கிடக்கு. வீட்டிலை வயசுக்கு வந்த பிள்ளையள் இருக்குதுகள்.” அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், திருநீற்றை அழிக்கவில்லை. “அப்ப, இலத்தீனை எடுப்பம்.”

நில அளவையாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“கல்லு சரியான இடத்திலைதான் இருக்கு. அடியிலை மண் அசைஞ்ச அடையாளமே இல்லை, ஓர் அங்குலமும் பிசகில்லை. பழைய வரைபடம் அரசாங்கக் கச்சேரியிலை செல்லரிச்சுப் போச்சு. அந்தப் பக்கத்து ஆறு குடும்பத்தின்ர காணிக்கும் இந்த ஒரு கல்லுத்தான் ஆதாரம். இது போயிருந்தால் ஆரின்ர காணி எது எண்டு ஆரும் சொல்ல ஏலாது. இனிக் கோயிலெண்டபடியால் ஆரும் தொடவும் மாட்டினம். அப்பிடியே பதிஞ்சு விடுறன்.”

ராஜரத்தினம் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டிருந்த தாளை அவர் தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தார். இலத்தீன் பாடம் முதலாந் தவணையோடு நிறுத்தம். ஆசிரியருக்கு அக்கராயனுக்கு இடமாற்றம். அங்கே ஆங்கிலம் மட்டும். ஐந்து வரிகள், நான்கு பிழைகள். கல் இருந்த இடத்தில் இருக்க, இலத்தீன் இடம் பெயர்ந்தது.

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வெள்ளிக்கிழமை தவணை முடிந்தது. கடைசி வகுப்புக்கு எட்டுப் பேரும் வரவில்லை. காணி பதிவு செய்ய அவர்களுடைய குடும்பங்கள் கச்சேரிக்குப் போயிருந்தன. அந்தோனிமுத்து அழுதான். ஜெமீல், வாப்பா தந்ததாக ஒரு சால்வையைக் கொடுத்தான். கமலாட்சி, ஐந்து விகற்பங்களையும் ஒருமுறை முழுவதும் ஒப்பித்தாள். அவர் எங்கேயாவது திருத்துவார் என்று காத்திருந்தாள். திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

சுவரிலிருந்து நாட்காட்டியைக் கழற்றினார். ஏப்பிரல் இருபத்தொன்று, உரோமாபுரி பிறந்த நாள். பக்கத்துப் பத்தியில் சித்திரைப் புத்தாண்டு. இரண்டுக்கும் சேர்த்து ஒரு சோடினைக்கு அவர் திட்டம் வைத்திருந்தார். கடதாசியைச் சுருட்டிப் புத்தகக் கட்டோடு சைக்கிளில் வைத்துக் கட்டினார்.

திடலின் மூலையால் போகும்போது இறங்கினார். இறங்கக் கூடாது என்று நினைத்திருந்தவர்தான். கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்த ராக்காயி தும்புத்தடியைக் கீழே வைத்துவிட்டு, வெற்றிலையில் திருநீறு எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. மாலையைக் கழற்றி, மாணவியை அனுப்பி, பலகை எழுதி, அலவாங்கு வரை தூக்கியும் விளங்க வைக்க முடியாத ஒன்றை, எல்லாம் இழந்த பிறகாவது விளங்க வைத்துவிட்டுப் போக வேண்டும் என்ற கோபம் அவருக்கு வந்தது.

“ராக்காயி, நான் போறன். இனி எனக்கு இதிலை ஒரு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. போகமுன்னம் ஒருக்கால் சொல்லுறன், மனசிலை வையும். இது சாமியில்லை. வெறும் எல்லைக்கல்லு.”

ராக்காயி ஏரம்புவின் வேலிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் கல்லின் தலையில் இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“எங்க ஆறு குடும்பத்துக்கும் அது மொத நாள்லேர்ந்தே தெரியுமுங்க ஐயா, ஏரம்பு ஐயாவுக்குத்தான் தெரியக் கூடாது.”